ஐம்பத்திரண்டு கையெழுத்து

அரங்கத்தில் அறுபது நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. வந்திருந்தவர் ஒரே ஒரு பெரியவர். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

திட்ட அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. பழைய அரண்மனைப் பூங்காவின் அடுத்த இருபத்தைந்து வருடத் திட்டத்துக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் இது. மூன்றாவது முறையாகக் கூட்டியிருந்தார். முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு ஒரு நாய் வந்தது.

கைபேசி ஒலித்தது. இயக்குநர் அம்மா.

"எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"வந்துகிட்டே இருக்காங்க மேடம்."

"அஞ்சு மணிக்குள்ள அம்பது கையெழுத்து வேணும். இல்லேன்னா இதுவும் செல்லாது. அப்புறம் அந்தக் கண்ணாடிப் பாலம் கட்டுற கம்பெனிகிட்டயே திட்டத்தைக் கொடுத்துருவாங்க. தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? ஒன்பது வருடமாக அந்தப் பூங்காவின் ஒவ்வொரு கல்லையும் அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, நானூறு பக்கம் எழுதி வைத்திருந்தார். அவர் மனைவிகூட அந்த நானூறு பக்கத்தைச் சக்களத்தியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள். முந்நூறு வருடத்துச் சுற்றுச்சுவரைப் பற்றி மட்டும் அறுபது பக்கம். அதன் மேல் கண்ணாடிப் பாலமா?

ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு பூங்கா வாசலுக்கே போனார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பூங்காவின் நீண்டகாலத் திட்டமிடலில் தங்கள் மேலான பங்கேற்பை..."

ஐந்து நிமிடம் தொண்டை கிழியப் பேசினார். பிறகு காவலாளியிடம் கேட்டார்.

"யாராவது வந்தாங்களா?"

"இல்லீங்க ஐயா. உள்ள நடந்துகிட்டிருந்த நாலு பேரு வெளிய போயிட்டாங்க. தூங்கிட்டிருந்த பெரியவரும் முழிச்சுக் கிளம்பிட்டாரு."

"அடக் கடவுளே!"

"நான் பேசட்டுங்களா?" என்ற காவலாளி, பதிலுக்குக் காத்திராமல் ஒலிபெருக்கியை வாங்கினார். "உள்ள ஃபேன் இருக்கு! டீ, பிஸ்கட் இருக்கு! வாங்க, வாங்க!"

பத்தே நிமிடம். அரங்கம் நிறைந்துவிட்டது. ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். அலுவலர் எண்ணிப் பார்த்தார். பெரியவர்கள் மட்டும் ஐம்பத்திரண்டு பேர்! காவலாளியைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"இந்தப் பூங்கா உங்க சொத்து," என்று ஆரம்பித்தார். "இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துல இது எப்படி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

முன்வரிசையில் இருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் கையைத் தூக்கினார்.

"பாத்ரூம் எங்க இருக்கு?"

பூங்காவில் பொதுக் கழிப்பறை கிடையாது. அலுவலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தார். அவ்வளவுதான், அரங்கத்தில் பாதி எழுந்து வரிசையில் நின்றுவிட்டது.

மீதிப் பேரிடம் பன்னிரண்டு பக்கக் கருத்துப் படிவத்தை நீட்டினார். ஒருவர் அதை மடித்து விசிறிக்கொண்டார். ஒரு தாய் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"சரி, படிவம் வேண்டாம். வாயாலயே சொல்லுங்க. குழு குழுவா உட்கார்ந்து பேசுவோம்."

அது இன்னும் வினையாயிற்று. நிழல் வேண்டும் என்றது ஒரு குழு. கழிப்பறைதான் முதலில் என்றது இன்னொன்று. கணவன் நிழல் கட்சி, மனைவி கழிப்பறைக் கட்சி.

"உங்களுக்கென்ன, எங்க வேணா ஒதுங்கிருவீங்க!" என்று மனைவி கத்த, பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நிழல் கட்சி அந்த இடத்திலேயே கலைந்தது.

பெரிய மீசைக்காரர் ஒருவர் நாற்காலி மேல் ஏறினார். "இது நம்ம பூங்கா! நாம கேட்காம யாரு கேட்பா? வாசல் பக்கத்துலயே, அந்தச் சுவரை ஒட்டி, வரிசையா பத்துக் கழிப்பறை கட்டணும்!"

அலுவலருக்குத் தலை சுற்றியது. "ஐயா, அது முந்நூறு வருஷமா நிக்கிற சுவரு..."

"நாங்க அரை மணி நேரமா நிக்கிறோம்!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓட்டு வெச்சுப் பாத்துரலாம்," என்றார் அலுவலர், கடைசி நம்பிக்கையாக. ஐம்பத்திரண்டு பேரும் கை தூக்கினார்கள். எதிர்த்து ஒரு கைகூட இல்லை. எதற்கென்று தெரியாமல் காவலாளியும் கை தூக்கியிருந்தார்.

மணி ஐந்தாக ஏழு நிமிடம். தீர்மானத்தை எழுதினார். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். படம் எடுத்து இயக்குநருக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது.

"அடேயப்பா! ஏகமனதாவா? இவ்வளவு பொறுப்பான ஜனங்களை நான் பார்த்ததே இல்ல. பதிவு பண்ணிட்டேன். திட்டத்தோட முதல் பக்கமே இதுதான்."

"மேடம், அந்தச் சுவர் பக்கத்துல மட்டும்... கொஞ்சம் மாத்தி எழுதி..."

"மக்கள் தீர்மானத்துல இனிமே ஒரு எழுத்தை மாத்த முடியாது. சட்டம்." தொடர்பு அறுந்தது.

அலுவலர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒன்பது வருட உழைப்பு, நானூறு பக்கம். முதல் பக்கத்தில் பத்துக் கழிப்பறை. கண்ணாடிப் பாலமே மேல் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மெல்ல மனதைத் தேற்றிக்கொண்டார். காலமெல்லாம் இதே ஊரில் கிடந்து, இதே பூங்காவுக்கு வந்து போகப்போகிறவர்கள் இவர்கள்தானே? அவர்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்க நாம் யார்?

அந்த நினைப்பில் கண்கூடக் கலங்கியது. எழுந்து கைகூப்பினார். "உங்க ஊர்ப் பற்றுக்கு என் வணக்கம்."

எல்லோரும் பதிலுக்குக் கைகூப்பினார்கள்.

அப்போது, கையெல்லாம் கிரீஸாக வாசலில் வந்து நின்ற ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டயர் மாட்டியாச்சு, எல்லாரும் வந்து பஸ்ல ஏறுங்க, நம்ம ஊர் போய்ச் சேர இன்னும் ஆறு மணி நேரம் ஆகும்!"