ஹாஜியார் வீட்டுத் தோட்டத்துக்குக் கவ்வாத்து

ராகலை,
மாசி மாதம், மழை நேரம்.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஹசன் ஹாஜியார் அவர்களுக்கு,

தங்கள் கீழ்வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் செபஸ்தியாம்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி சுகிர்தமும் இறைவன் அருளால் நலம். தங்கள் இருதய ஒப்பரேசன் காயம் நன்றாக ஆறி, தெஹிவளையில் மகள் நஸ்லியா வீட்டு வராந்தாவில் காலையும் மாலையும் தாங்கள் நடந்து திரிவதாகக் கேள்விப்பட்டு மிக்க சந்தோசம் அடைந்தோம். கூடவே இருந்து தங்களைக் கவனிக்கும் அசீசாம்மாவும் சுகமென நம்புகிறோம். நிற்க. இந்தக் கடிதத்தைத் தாங்கள் நிற்காமல் உட்கார்ந்துகொண்டு வாசிக்க வேண்டும். அன்றைய மாத்திரைகளை விழுங்கிய பிறகு வாசிக்க வேண்டும். முக்கியமாக, அசீசாம்மாவுக்கு வாசித்துக் காட்டவே கூடாது.

இதை டெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் பார்த்தேன். "ஹாஜியார், அந்த டேலியா..." என்று நான் வாயைத் திறந்தால் போதும், "மாஸ்டர், டேலியா எந்த நாட்டுப் பூ தெரியுமா? மெக்ஸிகோ!" என்று தாங்கள் கப்பலேறிவிடுகிறீர்கள். அந்தக் கப்பல் கரைக்கு வருவதற்குள் நஸ்லியா வந்து, "வாப்பா, பேசினது போதும், மூச்சு வாங்குது பாருங்க" என்று போனைப் பிடுங்கிவிடுகிறார். அதோடு டொக்டர் உங்களுக்கு அதிர்ச்சி கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். எழுத்தில் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

தங்களை வேனில் ஏற்றிய அன்று நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மூச்சுவிடவே முடியாத நேரத்திலும் தாங்கள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "மாஸ்டர், தோட்டம்னா அசீசாவுக்கு உயிரு. அவளுக்குப் பிடிக்குமேன்னுதான் நான் இந்தப் பூக்கதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். நான் திரும்பி வராட்டியும் அவ வருவா. வாறப்ப பூ இருக்கணும்" என்றீர்கள். நானும், "கவலைய விடுங்க ஹாஜியார், நான் பாத்துக்கிறேன்" என்றேன். பூச்செடியைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரிந்தது, அதுக்கு வேர் கீழே இருக்கும் என்பது மட்டும்தான். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்னத்தைச் சொல்வது?

முதலில் சின்ன விசயம். வாசல் படியோரம் நின்ற அசீசாம்மாவின் நீலக் கொத்துப்பூ, தாங்கள் ஹைட்ரேஞ்சியா என்பீர்களே, அது இப்போது நீலமாக இல்லை. நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சுகிர்தம் ஒற்றைக் காலில் நின்றாள், அடித்தேன், மிஞ்சின சுண்ணாம்புத் தண்ணியை எங்கே ஊத்துவது என்று பார்த்தேன், செடியும் வாடின மாதிரித்தான் தெரிஞ்சிச்சு, தண்ணி தண்ணிதானேன்னு வேரில ஊத்திட்டேன். அடுத்த பூ வந்திச்சு பாருங்க, ரோஸ் நிறம்! எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு சுகிர்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் ரோஸ். புல்லு வெட்ட வாற வேலாயி பாத்துட்டு, "ஐயோ மாஸ்டரய்யா, நீலப்பூ ரோஸாச்சுன்னா அந்த வீட்டுல கல்யாணம் வரும்னு எங்க தோட்டத்து லயத்துல சொல்லுவாங்க" என்றாள். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் கல்யாணம் பண்ணாம யாரும்மா மிச்சம் இருக்காங்கன்னு கேட்டேன். அவ சுகிர்தத்தைப் பாத்தா, சுகிர்தம் என்னைப் பாத்தா, நான் உள்ள போயிட்டேன். டவுன்ல உரக்கடைக்காரர்தான், சுண்ணாம்பு பட்ட மண்ணுல அது ரோஸாகத்தான் பூக்கும், வாரத்துக்கு ஒரு கரண்டி படிகாரம் கரைச்சு ஊத்துங்க, மெதுமெதுவா நீலம் திரும்பும்னு சொன்னார். நான் கணக்கு வாத்தியார் இல்லையா. வாரத்துக்கு ஒரு கரண்டின்னா பத்து வாரத்துக்குப் பத்துக் கரண்டி, ஒரேயடியா ஊத்தினா காலம் மிச்சம்னு ஊத்தினேன். விடை பிழைச்சுப் போச்சு. இலையெல்லாம் ஓரம் கருகி, பாதிக் கொத்து ரோஸ், பாதிக் கொத்து அடிபட்ட இடம் மாதிரி ஊதா. ஜப்பான்ல ஒரு ராசா, தான் விரும்பின பெண்ணோட வீட்டாருக்கு மரியாதை செய்யத் தவறிட்டு, அதுக்கு மன்னிப்புக் கேட்டு இந்தப் பூவைத்தான் அனுப்பினான்னு நீங்க அடிக்கடி சொல்வீங்க. அவன் பூவக் கொடுத்து மன்னிப்புக் கேட்டான். நான் பூவக் கெடுத்துக் கேக்கிறேன்.

இப்ப எப்படி இருக்கு ஹாஜியார்? மூச்சு சரியா? அப்படீன்னா அடுத்ததுக்குப் போறேன்.

மாடிப்படிக்குக் கீழ அசீசாம்மா டேலியாக் கிழங்குகளை மணல் போட்டு ஒரு மரப்பெட்டியில அடுக்கி வச்சிருந்தாங்க இல்லையா, மழை விட்டதும் நடணும்னு? அந்தப் பெட்டி பத்திரமா இருக்கு. மணலும் இருக்கு. நத்தாருக்கு மறுநாள் நோர்வூட்டில இருந்து என் மச்சான் கஜேந்திரனும் அவர் வீட்டுக்காரி ஜெயந்தினியும் வந்தாங்க. நல்ல மழை. சுகிர்தம் மாதா கோவிலுக்குப் போயிருந்தா. நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள ஜெயந்தினி, "அண்ணே, சும்மா இருங்க, நானே ஏதாச்சும் அவிக்கிறேன்"னு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. தங்கமான பொண்ணு, எந்த வீட்டுக்குப் போனாலும் கையக் கட்டிட்டு உக்கார மாட்டாங்க. மேசைக்கு ஆவி பறக்கக் கிழங்கு வந்திச்சு, பக்கத்துல உறைப்பாக் கட்டசம்பல். நானும் மழைக்கு இதமா இருக்கேன்னு உக்காந்தேன். கஜேந்திரன் ஒண்ணைக் கடிச்சிட்டு, "என்ன மச்சான் இது, வத்தாளைக் கிழங்கும் இல்ல மரவள்ளியும் இல்ல, சவசவன்னு இருக்கு, எந்தக் கடையில வாங்கினீங்க?"ன்னு கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். "எங்கம்மா எடுத்தீங்க?"ன்னு கேட்டேன். "படிக்குக் கீழ, மணல் பெட்டியில அண்ணே." என் தொண்டையில இருந்தது மேலயும் வரல, கீழயும் போகல.

அப்பத்தான் உங்க கப்பல் கதை முழுசா ஞாபகம் வந்திச்சு. மெக்ஸிகோ நாட்டுச் சனங்க அந்தக் காலத்துல டேலியாக் கிழங்கைச் சாப்பிட்டாங்க, வெள்ளைக்காரன் அதை உருளைக்கிழங்குக்குப் பதிலா வளர்க்கலாம்னு தன் ஊருக்குக் கொண்டு போனான், தின்னு பாத்தவங்க வாய் சுழிச்சாங்க, சரி பூவையாவது பாப்போம்னு தோட்டத்துல வச்சிட்டான்னு சொல்வீங்களே. அவங்க அவ்வளவு தூரம் கப்பல்ல போய் எடுத்த முடிவை நாங்க சாப்பாட்டு மேசையிலேயே எடுத்திட்டோம். ஒருத்தருக்கும் வயித்துக்கு ஒண்ணும் ஆகல, அதையும் சொல்லிடுறேன். விசயம் தெரிஞ்சதும் ஜெயந்தினி அழ ஆரம்பிச்சுட்டாங்க. கோவில்ல இருந்து வந்த சுகிர்தம் அவங்களைச் சமாதானப்படுத்துறதா என்னை ஏசுறதான்னு தெரியாம ரெண்டையும் சேர்த்தே செஞ்சா.

ஹாஜியார், இனி வாறதுதான் கொஞ்சம் பெரிசு. பக்கத்துல தண்ணி வச்சுக்குங்க.

ரோசா. வேலியோரம் பந்தல் மாதிரிப் படர்ந்த அசீசாம்மாவோட பழைய ரோசா. பெரிய பங்களாவில இருந்த வெள்ளைக்காரத் துரைசாணி சீமையில இருந்து வாறப்ப, கொப்பு காயாம இருக்க அதை ஒரு உருளைக்கிழங்குல குத்திக் கப்பல்ல கொண்டு வந்தாங்கன்னு நீங்க சொல்வீங்க. அதெல்லாம் இல்ல, அந்தத் துரைசாணி சாகிறப்ப, இந்த மரத்தை எவன் வெட்டுறானோ அவன் பல்லு கொட்டட்டும்னு சாபம் போட்டுட்டுத்தான் செத்தாங்கன்னு வேலாயி சொல்லுவா. ரெண்டுல எது உண்மையோ எனக்குத் தெரியாது. டேலியாவும் போச்சு, கொத்துப்பூவும் கருகிப்போச்சு, இனி இந்த ரோசாவையாவது ஒழுங்காக்கி வைப்போம், அசீசாம்மா வந்தா அது ஒண்ணாவது முகத்துக்கு நேரா பூத்து நிக்கட்டும்னு நெனச்சேன். அளவா வெட்டிவிட்டா நல்லாப் பூக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வெட்டினா என்ன ஆகும்னு எனக்கே தெரியும், அதனால கத்தி பிடிச்ச கைதான் சரின்னு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மூக்கனைக் கூப்பிட்டேன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுறதுல அவரை மிஞ்ச ஆள் இல்லை. வயசான தேயிலையை முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமா வெட்டிவிடுவாங்களே, அதுதான் கவ்வாத்துன்னு நீங்க அறிவீங்க. நானும் அறிவேன். அறிஞ்சிருந்தும் அவர்கிட்ட, "கொஞ்சம் பாத்து வெட்டிவிடுங்க மூக்கன்"னு மட்டும் சொல்லிட்டு, பென்சன் விசயமா நுவரெலியா பஸ் ஏறிட்டேன்.

பின்னேரம் வந்து கேட்டைத் திறந்தா, வேற யார் வீட்டுக்கோ வந்துட்டேன்னு நெனச்சுத் திரும்பி ரோட்டுக்கே போயிட்டேன். பிறகு நம்ம தண்ணித் தாங்கியப் பாத்துத்தான் உள்ள வந்தேன். ரோசா முழங்கால் உயரம். வேலியோரம் தொங்கின ஃபூஷியாப் பூச்செடி முழங்கால் உயரம். அந்த அடிபட்ட கொத்துப்பூவும் முழங்கால் உயரம், அதோட நிறப் பிரச்சினையும் தீர்ந்திச்சு. சுகிர்தம் வச்ச கறிவேப்பிலையையும் விடல. மூக்கன் கையில அளவு குச்சியோட நடுவுல நிக்கிறார், முகம் பூரா சிரிப்பு. "அய்யா, இங்கேருந்து கண்ணை வச்சுப் பாருங்க, ஒரு எல கூடத் தூக்கல. மட்டம் எப்பிடி?"ன்னார். அந்த மனுசன்கிட்ட என்னன்னு சொல்றது? "நல்ல மட்டம் மூக்கன்"னு சொல்லி ரெண்டு பேருமா தேத்தண்ணி குடிச்சோம். அந்தக் கிழமையே அவருக்குப் பல்வலி வந்து ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியதாச்சு. "நான் சொன்னேன்ல!"ன்னு வேலாயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. மூக்கன் வெத்திலை போடுற போடுக்குத் துரைசாணி சாபம் தேவையே இல்லை. ஆனாலும் அதுக்குப் பிறகு நான் ரெண்டு நேரமும் பல் தீட்டுறேன்.

ஆக, ஹாஜியார், தோட்டத்தில் இப்போது பூ என்று சொல்ல ஒன்றுமில்லை. தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், டொக்டர் போகலாம் என்று சொன்னாலும் சித்திரை மாத வசந்தகால சீசன் முடியும்வரை ஏதாவது சாக்குச் சொல்லி அசீசாம்மாவைத் தெஹிவளையிலேயே நிறுத்தி வையுங்கள். கடல் காத்து இருதயத்துக்கு நல்லது என்று சொல்லுங்கள். அதற்குள் நான் நுவரெலியாவில் நாற்று வாங்கி, ஒவ்வொன்றையும் பேர் கேட்டு, எது கிழங்கு எது பூ என்று விசாரித்து, நட்டு, பழையபடி ஆக்கிவிடுகிறேன். தாங்கள் என்னை நம்பித் தந்ததை நான் இப்படிப் பண்ணிவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. சுகிர்தம் செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு உங்கள் பேரில் மெழுகுதிரி கொளுத்துகிறாள். பள்ளிவாசலிலும் உங்களுக்காக துஆ கேட்கிறார்கள் என்று சொன்னார்கள். இரண்டு வாசலிலும் தட்டியிருக்கிறோம், தாங்கள் சுகமாகத் திரும்பி வந்து, மழை நாளில் மேல்வீட்டுப் படியில் உட்கார்ந்து, நான் தூங்கி விழும்வரை பூக்கதை சொல்ல வேண்டும். நஸ்லியாவுக்கும் மருமகன் ஸஜ்ஜாத்துக்கும் எங்கள் அன்பு. அசீசாம்மாவுக்கு எங்கள் அன்பும், என் ஒருவனுடைய பயமும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்வீட்டுக்காரன்,
அ. செபஸ்தியாம்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். கவரில் விலாசம் எழுதிக் குடையைக் கையில் எடுக்கிறேன், வாசலில் கார் சத்தம். ஸஜ்ஜாத் ஓட்டி வர, அசீசாம்மா இறங்குறாங்க! உங்க மருந்தெல்லாம் எழுதின பழைய கிளினிக் கொப்பியை எடுக்க வந்தாங்களாம். எனக்கு யாரும் சொல்லலையே ஹாஜியார்! நான் தண்ணித் தாங்கிக்குப் பின்னால போயிட்டேன். சுகிர்தம் காதைப் பிடிக்காத குறையா இழுத்து வந்தா. அசீசாம்மா தோட்டத்தை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிவரை பாத்தாங்க. பிறகு சிரிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, ஸஜ்ஜாத் பயந்துபோய்க் கதிரை கொண்டாந்து போட்டார்.

"எனக்குப் பூவுல என்ன மாஸ்டர் ஆசை?"ன்னாங்க. "நான் வலப்பனையில மரக்கறித் தோட்டக்காரர் மகள், லீக்ஸும் கரட்டும் போட்டு வளந்தவ. கலியாணம் முடிச்ச புதுசுல இவர் ஒரு செடியக் கொண்டாந்து அதோட கதையச் சொன்னார். எங்க கடையில ரெண்டு வார்த்த பேசாத மனுசன், அதைச் சொல்றப்ப முகமே வேற மாதிரி ஆயிடுச்சு. அந்த முகத்தப் பாக்கத்தான் அடுத்த செடிய நட்டேன். இத்தன வருசமும் அவருக்காகத்தானே தண்ணி ஊத்தினேன்." நான் வாயை வச்சுக்கிட்டு இருக்க மாட்டாம, வேன்ல நீங்க என் கையைப் பிடிச்சுச் சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். அவங்க சிரிப்பு நின்னுபோச்சு. "நான் வராட்டியும்னு சொன்னாரா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். முந்தானையால கண்ணைத் துடைச்சிட்டு அந்த முழங்கால் உயரத்து ரோசாவைக் குனிஞ்சு தொட்டுப் பாத்தாங்க.

போறப்ப, இதையெல்லாம் அவர்கிட்டச் சொல்லவே மாட்டேன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. நான் சொல்லல ஹாஜியார், எழுதத்தான் செய்றேன். இது கிடைக்கிறப்ப அவங்க தெஹிவளைக்கு வந்து சேர்ந்திருப்பாங்க, பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க. பூவா லீக்ஸான்னு ரெண்டு பேருமா ஒரு முடிவு பண்ணி எனக்கு எழுதுங்க. மழை விட்டிருக்கு, மண்ணு நல்ல பதமா இருக்கு.