தவக்களையின் படகும் என் அம்மியும்

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்த காலத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகளுக்கு வாடகைக்கு ரூம் விட்டிருக்கிறேன். தவக்களையைப் போல ஓர் அட்டூழியக்காரனை இந்த மண்ணூர் கிராமமே பார்த்ததில்லை.

தூத்துக்குடிக்காரன். கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்கள் தூங்குவார்கள். இவன் என் மாட்டை வேப்பமரத்தடிக்கு விரட்டிவிட்டு, கொட்டகையில் ஃபைபரில் குட்டிப் படகு கட்டினான். அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு ஓடுமாம்.

"இதுக்குப் பேரு ஜெட் போட்டு, பெரியம்மா. காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. கடலோரத்துல படகு விடுத மொதலாளி ஞாயித்துக்கிழமை பாக்க வாராரு. நல்லா ஓடுனா வேலை."

ஓடியதே! ஏரியில் வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கும், தொப்பென்று விழும், மறுபடியும் தூக்கும். கரையில் நின்றவர்கள் சிரித்துச் சிரித்து அன்றைக்கு வைத்த பேர்தான் தவக்களை.

"பின்னால பாரம் கூடிப்போச்சு" என்று பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் முன்னால் நகர்த்தினான். துள்ளல் பாதி நின்றது. மீதிக்கு என்ன செய்தான் தெரியுமா? மறுநாள் சட்னி அரைக்கப் போனால் அம்மியைக் காணோம்!

"அம்மி எங்கடா?"

"மூக்குல கட்டிருக்கேன்."

"எவன் மூக்குல?"

"போட்டு மூக்குல, பெரியம்மா."

"அடப்பாவி! என் கண்ணாலத்துல நான் மிதிச்ச அம்மிடா அது!"

"ஏசாதிய. இப்ப துள்ளல. ஆனா மூக்கு தண்ணிய உழுவுது."

அம்மியை அவிழ்த்து வந்து, மஞ்சள் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அதற்குள் படகின் பின்பக்க அடியில் இரண்டு ஆப்பு ஒட்டினான். பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமுக்குமாம். தனியாக ஓட்டினால் படகு ஒழுங்காகப் போனது.

ஞாயிறன்று முதலாளி வந்தார். ஆள் யானை. நேராகப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். மூக்கு வானம் பார்த்தது.

"சார், கொஞ்சம் முன்னால..."

"அங்க தண்ணி அடிக்கும்பா. பேண்ட் நனஞ்சிடும்."

தவக்களை என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"பெரியம்மா, நீங்க முன்னால ஏறி உக்காந்தா..."

"இன்னாடா, நான் இன்னா மூட்டையா?"

திட்டிக்கொண்டேதான் ஏறினேன். ஊரே பார்க்க, இந்த வயதில், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு! படகு ஒரு துள்ளல்கூடத் துள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது.

"எடையை எங்க வெக்கணும்னு தெரிஞ்ச ஆளுதான். நாளைக்கே வந்துடு" என்றார் முதலாளி.

மறுநாள் கிளம்பும்போது மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போகக்கூடத் தெரியவில்லை அவனுக்கு. என் காலில் விழுந்து தேம்பினான். தெருவில் என் மானம் போயிற்று.

அந்த வாரமே இரண்டு பையன்கள் அவன் ரூமைக் கேட்டு வந்தார்கள். "உள்ள ஆள் கீது" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த பொங்கல் வரைக்கும் வந்தவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னேன்.