பேந்தர் நடத்திய டிராகன் வேட்டை

திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்களை நிறுத்தி வைக்க நங்கூரம் வேண்டும். பேந்தருக்கு அதுவும் வேண்டாம். அவர் வாயைத் திறந்து ஒரு கதை சொல்லத் தொடங்கினால் போதும், நேரம் அப்படியே நின்றுவிடும். நான் புளுகுவதாக நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை பின்னேரமாவது எங்களோடு இருந்து பார்த்திருக்க வேண்டும்.

உட்துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் விளையாட்டு. மேசையைச் சுற்றியிருந்து ஆடும் கற்பனை விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிவிட்டு இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்ட வேண்டும். செய்த காரியம் பலித்ததா, பல் உடைந்ததா என்பதைக் கட்டை சொல்லும். நான் மந்திரவாதி. அன்புவழிபுரத்து வசந்தி ரீச்சர், கிழமை நாட்களில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கிறவர், இங்கே திருடி. கிண்ணியாவில் ஃபிரிட்ஜ் திருத்துகிற ரியாஸ் வாள் வீரன். கதை நடத்துகிறவர் பேந்தர்.

'பேந்து' என்றால் எங்கள் பேச்சில் 'பிறகு'. கதையின் நடுவில் நாங்கள் ஆவலோடு "பேந்து?" என்று கேட்போம். அடுத்து என்ன நடந்தது என்று அர்த்தம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "பேந்து" என்பார். மிச்சம் அடுத்த சனிக்கிழமை என்று அர்த்தம். கேள்வியும் பதிலும் ஒரே சொல்லாய்ப் போனதால் அதுவே அவருக்குப் பெயருமாயிற்று. அவர் வேலை செய்தது ஒரு கப்பல் ஏஜென்ட் கந்தோரில், அதாவது அலுவலகத்தில். வெளியே நிற்கிற கப்பல் எப்போது உள்ளே வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கொடுத்து வைத்த மனிதர்.

வீடு தம்பலகாமம். ஒவ்வொரு சனியும் பிந்தித்தான் வருவார்.

"றோட்டில யானை நிண்டது. அதை அவசரப்படுத்த ஏலுமோ?"

யானையை அவசரப்படுத்தாதவர் எங்களுக்காக டிராகனை அவசரப்படுத்துவாரா? மலைக் குகையில் தூங்கும் ஒரு டிராகனைக் கொல்வதுதான் எங்கள் கதை. முதல் நாள் நான் வீராப்பாக, "குதிரையில ஏறி மலைக்குப் போறம்" என்றேன். வேறு யாராவது நடத்தியிருந்தால், போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

"குதிரைக்குத் தண்ணி காட்டினீங்களோ?" என்றார் பேந்தர்.

காட்டினோம். பேந்து பார்த்தால் லாடம் கழன்றிருந்தது. லாடம் அடிக்கிறவன் மகளின் கல்யாணத்தில் நின்றான். நாங்களும் அந்தக் கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் என்னென்ன வைத்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எங்களுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. கீழே கடையைப் பூட்டுகிற சத்தம் கேட்டபோது நாங்கள் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.

பிறகு கடலைக் கடக்கும் கட்டம் வந்தது. "காத்து இல்லை. பாய்க்கப்பல் வெளிக்கிடாது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நாங்களும் பேசாமல் இருந்தோம். பால் விடாத பிளேன்ரீ வந்தது, குடித்தோம். காற்று மட்டும் வரவில்லை. பொறுக்க முடியாமல் ரியாஸ் யன்னலைத் திறந்தான். மேசையில் இருந்த கடதாசியெல்லாம் பறந்தது.

"அண்ணன், வெளிய கச்சான் காத்து ஆளைத் தூக்குது. பாருங்க!"

"அது திருகோணமலைக் காத்து. கதைக்குள்ள அடிக்கேல்லை. யன்னலைச் சாத்து தம்பி."

வசந்தி ரீச்சர் எழும்பிவிட்டார். "இந்த நேரத்துக்கு நான் பள்ளிக்கூடத்தில ஒரு தவணைப் பாடத்தையே முடிச்சிருப்பன்!"

அன்றே புரட்சி வெடித்தது. அடுத்த சனி கதை நடத்தும் பொறுப்பு என் கைக்கு வந்தது. விடுவேனா? கடல் ஒரு வரி, காடு ஒரு வரி. ஒரு யுத்தம், இரண்டு ராசாக்கள், ஒரு பஞ்சம் எல்லாம் பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிந்தன. நிமிர்ந்து பார்த்தால் ரியாஸ் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"நிலாவெளிக்குக் கடைசி பஸ் ஓட்டின மாதிரி இருக்கு. ஒரு ஹோல்ட்லயும் நிப்பாட்டல்ல. அந்தக் கல்யாண வீட்டுக்காரர் யுத்தத்தில என்ன ஆனாங்க எண்டு கூடச் சொல்லல்லயே?"

எனக்கு அவர்களின் நினைவே இல்லை. மூலையில் இருந்த பேந்தர்தான் அவனைத் தேற்றினார்.

"பயப்பிடாதை. பொம்பிளையும் மாப்பிளையும் சுகமா இருக்கினம்."

ரியாஸ் நிம்மதியாக மூச்சு விட்டான். பதவி போன வேகத்திலேயே அவரிடம் திரும்பிப் போயிற்று.

அப்படி ஆமை வேகத்தில் நாங்கள் மலையடிவாரத்தை நெருங்கிய நாட்களில்தான் ரியாஸுக்குக் கட்டார் விசா வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். கையில் மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை. மகிழ்ச்சியா கவலையா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"போறதுக்கு முந்தி அந்த டிராகனை ஒரு வெட்டு வெட்டணும் அண்ணன். இல்லாட்டி அங்க எனக்கு நித்திரை வராது."

வசந்தி ரீச்சர் பேந்தரை வகுப்புப் பிள்ளை போல எழுப்பி நிறுத்தினார். "குதிரை, கல்யாணம், காத்து ஒண்டும் வேண்டாம். இந்தச் சனி கட்டாயம் முடிக்க வேணும். விளங்கிச்சோ?"

"ஓம் ரீச்சர்."

அந்தச் சனி எங்களுக்கு முதலே வந்து கதிரையில் இருந்தார். ஒரு நாளும் நடக்காத காரியம். கதை பறந்தது. மலை ஏறினோம். ரீச்சர் குகைக் கதவின் பூட்டைத் திறந்தார். நான் மந்திரம் சொல்லி வெளிச்சம் உண்டாக்கினேன். ரியாஸ் கட்டையைக் கைக்குள் குலுக்கி, கண்ணை மூடி உருட்டினான்.

இருபது! அதற்கு மேல் எண்ணே கிடையாது. நாங்கள் போட்ட கூச்சலில், கூரை விழுந்துவிட்டதோ என்று கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

"வெட்டு விழுந்திச்சு. டிராகன் செத்துப் போச்சு" என்றார் பேந்தர்.

ரியாஸ் மேசையைச் சுற்றி ஓர் ஆட்டம் ஆடினான். ஆடி முடித்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் போயிட்டு வாறன்" என்றான்.

"இரு தம்பி. கதை முடியேல்லை."

ரீச்சர் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு வருஷம் போச்சு" என்றார் பேந்தர். "வாள் வீரன் கடல் கடந்து போய்த் திரும்பி வந்திட்டான். இந்தா, வாசல்ல நிக்கிறான்."

குதிரை தண்ணீர் குடிக்கவும் லாடம் அடிக்கவும் ஒரு பின்னேரத்தையே கொடுத்த மனிதர், இரண்டு வருடத்தை ஒரு மூச்சில் தாண்டிவிட்டார்.

"அந்த ரெண்டு வருஷமும் என்ன நடந்தது அண்ணன்?" என்று ரியாஸ் கேட்டான்.

"அதை என்னால சொல்ல ஏலாது. சுகமா வந்திட்டான், அது போதும்."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ரியாஸ் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் அவரைக் கட்டிப் பிடித்தான். எனக்கும் அந்த மனிதர் மேல் சொல்லி மாளாத அன்பு வந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேராய்க் கூடினோம். பேந்தர் புதுக் கதை ஒன்றைத் தொடங்கப் போனவர், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் பிளேன்ரீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை. ஒரு அவசரமும் இல்லை" என்றேன்.