கோடு துள்ளுகிறது, கவலை வேண்டாம்

உலக மருத்துவ வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் மருத்துவமனை 'அலை விளக்க அலுவலர்' என்ற பதவியை உருவாக்குவதற்கு முன், உருவாக்கிய பின். அந்த அலுவலர் நான்தான். அடக்கம் கருதி இதற்கு மேல் சொல்லவில்லை.

கரையான்சாவடி மெயின் ரோட்டில், செருப்புக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கிறது எங்கள் ஸ்தாபனம். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சு, திரையில் கோடாக ஓடும். அந்தக் கோட்டைப் படம் பிடித்து, தினமும் காலை பத்து மணிக்கு வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கூடவே இரண்டு வரி விளக்கம், என் கைவண்ணம். இதற்கு முன் பதினோரு வருடம் வார இதழில் ராசிபலன் எழுதியவன் நான். இன்டர்வியூவில் வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

நான்காம் படுக்கையில் கலீல் ரகுமான், பூந்தமல்லித் தையற்காரர். நிமோனியா. இரண்டு நாள் அவருடைய கோடு வழவழவென்று ஓடியது. 'நிதானமான நாள்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் கோட்டில் ரம்பம் மாதிரி பல் முளைத்திருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. 'உற்சாகம் கூடும். கோடு துள்ளுகிறது, கவலை வேண்டாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நர்ஸ் சுரேகா வந்து நின்றார்.

"சார், அது உற்சாகம் இல்ல. டியூப்ல தண்ணி தேங்கியிருக்கு. அந்த ஆட்டத்தை அவரோட மூச்சுன்னு நெனச்சு, அவர் கேக்காமலே மிஷின் காத்தைத் தள்ளுது. மனுஷன் திணறுறார். தண்ணிய வடிச்சா போதும்."

"வடித்தால் கோடு மாறுமா?"

"மாறும் சார். அதுக்குத்தானே வடிக்கிறது."

எங்கள் விதி தெளிவானது. வீட்டாருக்கு அனுப்பப்பட்ட கோடு 'ஆவணம்'. அலை ஆய்வுக் குழு கூடாமல் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. டியூட்டி டாக்டரும் விதியை மதிப்பவர். "குழுவுல கேளுங்க" என்று சொல்லிவிட்டார். குழுத் தலைவர் நடேசன், நிர்வாக அதிகாரி, காட்டுப்பாக்கம் நெரிசலில் சிக்கி ஒரு மணி நேரம் கழித்துக் கூட்ட அறைக்கு வந்தார்.

"பல் மொத்தம் எத்தனை?" என்றார்.

"எண்ணல சார்," என்றார் சுரேகா.

"எண்ணாம எப்படிம்மா முடிவெடுக்கறது? ஒரு துணைக்குழு போடுவோம்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கலீலின் மகன் வசீம் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரே பெயின்டர். கையில் போன், போனில் என் விளக்கம்.

"அண்ணாத்தே, இன்னா இது, துள்ளுதுன்னு போட்டுகீறீங்க? எங்க பட்டறைல கம்ப்ரசர் ஓஸ்ல தண்ணி நின்னா கேஜ் முள்ளு இப்டிதான் ஆடும். காலைல போனதும் மொத வேலையே தண்ணிய தொறந்து வுட்றதுதான். எங்க அத்தா டியூப்ல தண்ணி கீதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"உங்க கருத்தை எழுத்து மூலமா குடுங்க தம்பி," என்றார் நடேசன்.

"நான் எழுதிக் குடுக்கற வரைக்கும் அவரு மூச்ச புடிச்சுகினு இருப்பாரா?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. துணைக்குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்துவிட்டுப் பார்த்தால், சுரேகாவின் நாற்காலி காலி.

பல் எண்ணுவதற்காக எல்லோரும் நான்காம் படுக்கைக்குப் போனோம். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. கோடு வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் அரை டம்ளர் தண்ணீர். அதுவரை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்த கலீலின் விரல்கள் விரிந்து கிடந்தன. வசீம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சொல்வதற்கென்ன, எனக்கும் கண் கலங்கியது.

"ஆவணம் போச்சே," என்றார் நடேசன்.

ஒன்பதாம் நாள் கலீல் நடந்தே வீட்டுக்குப் போனார். அதே நாள், சிறந்த 'குடும்பத் தொடர்பு'க்கான கேடயம் எனக்கு வழங்கப்பட்டது. சுரேகாவுக்கு மெமோ வழங்கப்பட்டது. வாசகம் என்னுடையது: 'குழு முடிவெடுக்கும் முன்பே, உரிய அனுமதியின்றி, நோயாளியை நன்றாக மூச்சுவிடச் செய்த குற்றம்.'

சுரேகா ஒரே வரியில் பதில் தந்தார்: "ஆமாம், செய்தேன்."

இதைவிடத் தெளிவான ஒப்புதலை நான் பார்த்ததில்லை. 'குற்றம் நிரூபணம்' என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டேன். ஏனோ அன்று கையெழுத்து பல் பல்லாக விழுந்தது. அதற்கு விளக்கம் எழுத எனக்கு வரவில்லை.