ஏலமலையில் ஆலிவ் மரம்

ஆதாரம் தேடும் அறிஞர் என்று ஓர் இனம் உண்டு. சந்தேகம் இருப்பவர்தானே ஆதாரம் தேடுவார் என்பீர்கள். அதுதான் இல்லை. இவருக்கு முடிவு முதலிலேயே தெரியும். ஆதாரம்தான் பின்னால் மூச்சு வாங்க ஓடிவர வேண்டும்.

போடிநாயக்கனூரில் அந்த இனத்துக்கு விஜயபாண்டி என்று பெயர். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கைப்பேசியைப் பார்த்தே ஸ்பானிய மொழி படித்து, அந்த நாட்டுச் சரித்திரத்தையும் நாட்டுப்புறக் கதைகளையும் கரைத்துக் குடித்து, கடைசியில் ஸ்பெயின்காரர்களும் நம் ஏலமலைக்காரர்களும் ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்று கண்டுபிடித்தே விட்டவர். கட்டுரை தயார். மாட்ரிட்டில் ஒரு மாநாட்டில் அதை வாசிக்க அழைப்பும் வந்துவிட்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு: மலைக்காரர் யாராவது அந்தக் கதையைத் தன் வாயால் சொல்லும் ஒலிப்பதிவை அனுப்ப வேண்டும். பாவம், இந்த அறுபத்திரண்டு வயதுவரை அவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஆகவே காலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு டிரைவர் சுருளியின் ஜீப்பில் ஏறிக்கொள்வார். போடிமெட்டு வளைவுகளில் பதினாறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, தூக்குவாளியில் குழம்பு தளும்பி, யாரோ ஒருத்திக்குக் குமட்டிக்கொண்டு வரும்போதும் இவர் கைப்பேசியை நீட்டியபடியே இருப்பார். "ஒங்க பக்கம் ஒரு கதை இருக்குமே" என்று ஆரம்பிப்பார். எந்தக் கதை என்று அவர்களுக்குப் புரிய வேண்டாமா? முழுக்கதையையும் தானே சொல்லிவிடுவார். அடுத்தவர் தோப்பில் ஆலிவ் காய் திருடி மடியில் கட்டிக்கொண்டு வந்தவள், வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் கூழாங்கல். நல்ல கதைதான். அவர் சொல்லும் விதமும் நன்றாகவே இருக்கும். அதையும் ஒரு மாதமாகத் தினம் தினம் சொன்னால்?

போன வாரம் என் தோட்டத்துக்குப் போக நானும் அந்த ஜீப்பில் ஏறியிருந்தேன். சிலமலை கிராமத்து அன்னக்கொடி, காய் எடுப்பதில் கெட்டிக்காரி, தானாகவே வாயைத் திறந்தாள்.

"சார், ஒரு கதை சொல்றேன், கேக்குறீகளா? ஒருத்தி தோப்புல ஆலிவு காயை மடி நெறையக் களவாண்டுட்டா. வீட்டுல வந்து அவுத்துப் பாத்தா, அம்புட்டும் கல்லு!"

விஜயபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. என் தொடையைப் பிடித்து உலுக்கினார்.

"கேட்டீங்களா? ஆலிவுங்குது! இந்த மலையில ஆலிவ் மரமே கெடையாது. மரமே இல்லாத ஊருக்கு அதோட பேரு மட்டும் எப்பிடி வந்துச்சு? எத்தன நூற்றாண்டு உறவு! தாயி, இத ஒனக்கு யாரு சொன்னா? ஒங்க ஆத்தாவா?"

"ஆத்தாவா? நீங்கதேன் சார் சொன்னீக. பொங்கல் கழிச்சு, இதே வளைவுல."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. சுருளி கியர் மாற்ற மறந்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாட்ரிட் போச்சே என்று மனசு அடித்துக்கொண்டது. அவரோ நிதானமாக நோட்டை எடுத்து எழுதினார்: "கதைசொல்லி தன்னடக்கம் மிக்கவர். தம் மரபின் பெருமையை ஆய்வாளருக்கே விட்டுக்கொடுக்கிறார். ஸ்பெயின் கிராமங்களிலும் இதே பண்பு காணப்படுகிறது."

ஆக, ஒன்று கேட்டவருக்கு இரண்டு ஆதாரம்! ஒலிப்பதிவு மாட்ரிட்டுக்குப் போய்விட்டது; அடுத்த மாதம் அவரும் கிளம்புகிறார். அன்னக்கொடி அவரிடம், "சன்னலோரமா எடம் கேளுங்க சார்" என்று சொல்லியிருக்கிறாள். போய் வரட்டும், எனக்கும் சந்தோஷமே.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? எதிர்வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார் போலிருக்கிறது என்று காலையில் டீக்கடையில் சொன்னது யார்? சாயங்காலம் மச்சினன் வந்து அதையே சொன்னதும், "பாத்தியா, ஊரே பேசுது" என்று மனைவி முன்னால் நெஞ்சை நிமிர்த்தியது யார்? அந்த மச்சினனுக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்தீர்களா?