டீமைப் பார்க்க வந்த சம்பந்தி

தனியாகத் தொழில் நடத்துகிறவனுக்கு முதலில் கெட்டுப்போவது இலக்கணம்தான். 'நான்' என்று சொல்லவே வராது. "நாங்கள் ஒரு செயலி உருவாக்கியிருக்கிறோம்", "நாங்கள் அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்" என்று நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 'நாங்க'ளில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டுக் கேமரன் மலைக்குத் திரும்பியிருந்த சமயம் அது. அப்பாவும் அம்மாவும் தம்பியோடு ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். தேயிலைத் தோட்டத்தில் காலியாகக் கிடந்த கிராணி வீட்டை மேனேஜர் எனக்கு வாடகைக்கு விட்டார். (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். அந்த ஆள் போய்ப் பல காலம். வீட்டுக்குப் பேர் மட்டும் மிச்சம்.) கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கிறவர்கள், போனில் லைன் இல்லாத நேரத்திலும் வாடிக்கையாளரிடம் பணம் வாங்க ஒரு செயலி. அதைத்தான் 'நாங்கள்' செய்துகொண்டிருந்தோம். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். பிறகு பனிமூட்டமும் நானும்தான். கடைக்காரர் யாராவது கூப்பிட்டு "பாஸ்வேர்டு மறந்து போச்சு" என்றால்தான் அன்றைக்கு என் குரலை நானே கேட்பேன். மறதிக்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

இந்த நிலையில் கோலாலம்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனம் என்னை மதித்துப் பேசியது. பணப் பரிமாற்றத் தொழில்நுட்பத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்குப் பணம் போட்டுப் பங்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம். அங்கே பெரிய பொறுப்பில் இருந்த கதிர் சாரிடம் வீடியோவில் 'நாங்கள், நாங்கள்' என்று பொளந்து கட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

"சனிக்கிழமை குடும்பத்தோட கேமரன் வர்றோம் சேகர். அப்படியே உங்க டீமையும் பார்த்துட்டுப் போறேன்," என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். லைன் போய்விட்டது. (போகாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

தானா ராத்தாவில் இருக்கும் மல்லிகா அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, கே.எல்.லேருந்து ஒருத்தரு சனிக்கிழமை குடும்பத்தோட என்னைப் பார்க்க வர்றாரு. வீடு வெறிச்சுன்னு இருந்தா நல்லா இருக்காது. நீயும் அத்தானும் கொஞ்சம் வந்து..."

இந்த லைனும் போய்விட்டது. எனக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. நான் சொன்னது அக்கா காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை அத்தானின் காய்கறி லோரி வாசலில் வந்து நின்றது. சித்தப்பா, சித்தி, அத்தானின் தங்கைகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் எல்லாரும் பட்டுச் சேலையில். தட்டுகளில் ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, பூ.

"என்னக்கா இது?"

"பொண்ணு வூட்டுக்காரங்களே நம்மளத் தேடி வர்றாங்க. வெறுங்கையோடயா நிப்பாங்க? போய் சட்டைய மாத்து லா! காடி வந்துருச்சு பாரு!"

நான் வாயைத் திறப்பதற்குள் கதிர் சார் காரிலிருந்து இறங்கினார். அடுத்து அவர் மனைவி. அதற்கடுத்து, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மகள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாண மண்டபமே தெரிந்தது.

"வாங்க, வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கதிர் சாரை உட்கார வைத்தாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், "டீம் உள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"டீயா? உள்ளதான் சார், இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்குது."

சித்தி, கதிர் சார் மகளின் கையில் பூவைத் திணித்து, "இந்தக் குளிரு ஒத்துக்குமாம்மா?" என்றார். சுற்றிப் பார்க்க வந்த அந்தப் பெண் பாவம், "ரொம்பப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி," என்றாள். சித்தப்பா சம்மதம் கிடைத்துவிட்ட தோரணையில் தொண்டையைக் கனைத்தார்.

கதிர் சார் என் பக்கம் திரும்பினார். "இவங்கள்லாம் உங்ககூட வேலை செய்றவங்களா சேகர்?"

அக்கா முந்திக்கொண்டாள். "அவன்கூட யாருமே இல்ல சார். தனியாதான் கெடக்குறான். அன்னிக்குச் சாப்பாடு கொண்டாந்தப்ப ஜன்னல் வழியாப் பார்த்தேன். காலி நாற்காலிகிட்ட இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்தான். கதவைத் தட்டாம லோரியில போயி உக்காந்து அழுதுட்டு, அப்புறம்தான் உள்ள வந்தேன். உங்க பொண்ணு வந்துட்டா எனக்கு அந்தக் கவலை இல்ல."

(அது வீடியோ கூட்டத்துக்கு ஒத்திகை. ஆனால் அதை இப்போது யாரிடம் சொல்வது?)

அந்தப் பெண் கையிலிருந்த பூவைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அக்கா அழுத விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"மொத்தமே நீங்க மட்டும்தானா சேகர்?"

"ஆமா சார். நான் மட்டும்தான்."

நல்லவேளை, அவர் கோபப்படவில்லை. பெண் பார்க்கும் ஏற்பாடு இது என்று புரிந்ததும் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்காவும் அசடு வழியச் சிரித்து, எல்லாருக்கும் டீ கொடுத்தாள். புறப்படும்போது கதிர் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"செயலி நல்லா இருக்கு. ஆனா ஒரே ஆளை நம்பி எங்க கம்பெனி பணம் போடாது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா கடைக்காரங்க யாரைக் கூப்பிடுவாங்க?"

காய்ச்சல் வந்தால் நான் யாரைக் கூப்பிடுவது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. கார் பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது. சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழங்களைத் தின்று முடித்துவிட்டு லோரி ஏறினார்கள்.

செயலி இன்றும் ஓடுகிறது. கியா பார்மைத் தாண்டவில்லை. எங்கள் குடும்பத்தில் கதிர் சாருக்குச் 'சம்பந்தி' என்று பேர் நிலைத்துவிட்டது. அவர் யாருக்காவது முதலீடு செய்து பத்திரிகையில் படம் வந்தால் போதும், உடனே எனக்குப் போன் வரும். போன வாரம் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், பேப்பர் பார்த்தியா? நம்ம சம்பந்தி வேற எடத்துல முடிச்சிட்டாரு லா!"

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"சரி, என்ன சாப்பிட்ட?" என்றாள் அக்கா.