இந்த வாரத்து டம்மி

"சார், தம்பிக்குக் கல்யாணம். மூணு நாள் லீவு வேணும்."

பவுடர் இதைச் சொன்னதும் கைரேகைப் பிரிவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. லீவு என்ற சொல் காதில் விழுந்தால் பிரிவுத் தலைவர் போடும் சத்தம் மேல்மாடி ரத்தப் பரிசோதனைப் பிரிவு வரைக்கும் கேட்கும். சத்தம் அடங்கும் வரை அங்கே ஒருத்தரும் சோதனைக்குழாயைக் கையில் எடுக்கமாட்டார்கள்.

தலைவர் வாயைத் திறந்தார். முகம் சிவந்தது. திடீரென்று என்னவோ ஞாபகம் வந்தவர் போல வாயை மூடி, எச்சிலை விழுங்கி, சிரித்தார்.

அவர் சிரித்து அந்தத் தடயவியல் ஆய்வகத்தில் யாரும் பார்த்ததில்லை. பவுடர் பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினாள்.

"மூணு நாள் எப்படிம்மா பத்தும்? கூடப்பிறந்தவன் கல்யாணம். ஒரு வாரம் எடுத்துக்க."

"ஐயோ, வேணாம் சார். மூணு நாளே போதும்."

"ஒரு வாரம்னு சொல்றேன்ல!" என்று இடியாக ஆரம்பித்தவர், பாதியில் குரலைத் தாழ்த்தி, "எடுத்துக்கம்மா" என்று முடித்தார்.

வேலை போய்விட்டது என்றே முடிவு பண்ணிக்கொண்டு பவுடர் கண்ணைத் துடைத்தபடி தன் மேசைக்குப் போனாள்.

நாள் முழுக்கக் கைரேகைக்குப் பொடி தூவுகிறவள் என்பதால் அவளுக்குப் பவுடர் என்று பெயர். தலைவருக்கு லென்ஸ். கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். வீட்டில்கூட, தன் சீப்பைத் தொட்டது யார் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

லென்ஸ் கெட்டவர் இல்லை. வேலையில் புலி. ஆனால் மூக்குக்கு மேல் கோபம். தற்காலிகத் தலைவராகி ஒரு வருஷமாகியும் நிரந்தர ஆணை வரவில்லை. ஏன் என்று இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு ரேகையைப் பார்க்கத் தெரியுது. ஆளுங்க முகத்தைப் பார்க்கத் தெரியலை. உங்க பிரிவுல மூணு பேர் மாற்றல் கேட்டிருக்காங்க. தலைமைப் பண்புப் பயிற்சி ஒண்ணு வைக்கிறோம், வந்து உட்காருங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை நீங்க, இல்லைன்னா வெளியிலேருந்து வேற ஆள்."

வேற ஆள்! அந்த நாற்காலிக்காக லென்ஸ் எத்தனை பதவி உயர்வை விட்டுக்கொடுத்து அதே பிரிவில் கிடந்திருக்கிறார் என்று அவர் மனைவியைக் கேட்டால் அழுதுகொண்டே சொல்வாள்.

ஆகவே போய் உட்கார்ந்தார். பயிற்சியாளர் கோட்டும் டையுமாக வந்திருந்தார். வெல்வெட் மாதிரிக் குரல்.

"வாயில வர்ற வார்த்தையை மூணு கட்டமா வடிகட்டணும். முதல் கட்டத்துல மண்ணு போகணும். ரெண்டாவதுல கசப்பு போகணும். மூணாவதுல வாடை போகணும். அப்புறம் வர்றதுதான் பேச்சு!"

எல்லாப் பிரிவுத் தலைவர்களும் அதை எழுதிக்கொண்டார்கள். லென்ஸ் அடிக்கோடும் போட்டார். இடைவேளையில் மூலையில் இருந்த தண்ணீர் கேனைப் பார்த்துப் பயிற்சியாளர் பதறிப்போனார். "இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்க?" என்று கேட்டபோது லென்ஸ் உருகிவிட்டார். சொந்த மாமனார்கூட அவர் உடம்பைப் பற்றி அப்படி விசாரித்ததில்லை. அந்த உருக்கத்தில் தானே ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்து, சாட்சிப்பொருள் வைக்கும் அறை உள்பட ஆய்வகம் முழுவதையும் சுற்றிக்காட்டினார்.

கடைசியில் ரத்தப் பிரிவுக்காரர் எழுந்து, "இதுக்குப் பரீட்சை உண்டா?" என்று கேட்டார். பயிற்சியாளர் கொஞ்சம் திணறினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தரக்கட்டுப்பாட்டு மேடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"உண்டு. ஆனா எப்ப வரும், யார் ரூபத்துல வரும்னு சொல்லமாட்டேன்."

லென்ஸ் சட்டென்று திரும்பி மேடத்தைப் பார்த்தார். ஏனென்றால் அந்த ஆய்வகத்தின் வழக்கம் அப்படி. நிஜ வழக்குகளுக்கு நடுவே மேடம் சத்தமில்லாமல் ஒரு டம்மியைச் சொருகிவிடுவார். எது டம்மி என்று ஆய்வாளருக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்ப்பதுதான் சோதனை. போன தடவை லென்ஸ் சோறு தண்ணி இல்லாமல் ஆராய்ந்த கொலைக்கத்தியில் இருந்தது மேடத்தின் கைரேகைதான். காய் நறுக்கிவிட்டு எடுத்து வந்திருந்தாராம்.

இப்போது ஆள் ரூபத்தில் டம்மி! இந்த வாரம் எதிரில் வந்து நிற்கிற எவரும் பரீட்சையாக இருக்கலாம். பவுடர் லீவு கேட்டதும் அவருக்குத் தோன்றியது இதுதான்.

பவுடருக்கு ஒரு வாரம் கிடைத்தது என்ற செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்து போட்டோகிராபர் வந்து நின்றார்.

"சார், என் நாற்காலி கால் உடைஞ்சு ஆறு மாசமாச்சு. முதுகு போயிடுச்சு."

பவுடர் டம்மி இல்லையென்றால் இவராக இருக்கலாமே? லென்ஸ் எழுந்தார். தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு போய் போட்டோகிராபருக்குக் கொடுத்துவிட்டு, ஆடுகிற ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முதுகு வலிக்குதுன்னா வீட்டுல படுத்து ரெஸ்ட் எடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வராதீங்க."

"சார், நாற்காலி குடுத்துட்டு வராதீங்கன்னா எப்படி?"

"எனக்கு உங்க முதுகுதான் முக்கியம்."

மத்தியானத்துக்குள் பிரிவில் பாதிப் பேர் லீவு வாங்கிவிட்டார்கள். மிச்சப் பேர் ஒன்றுகூடிப் பேசினார்கள். தடயங்களைக் கோர்த்து முடிவுக்கு வருவதுதானே அவர்கள் தொழில்? திடீர்ச் சிரிப்பு ஒரு தடயம். நாற்காலியைத் தானம் கொடுத்தது இன்னொரு தடயம். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி 'மண்ணு, கசப்பு, வாடை' என்று முணுமுணுப்பது மூன்றாவது. ஒரே முடிவுதான் வந்தது: டாக்டர் கெடு வைத்துவிட்டார்.

மறுநாள் ஸ்டோர்கீப்பர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், என்ன வியாதின்னு எங்ககிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"எனக்கு ஒண்ணுமில்லையே!" என்று லென்ஸ் சிரித்தார்.

"பாவம், சிரிச்சுக்கிட்டே சொல்றார்," என்று ஸ்டோர்கீப்பர் வெளியே போய் மூக்கைச் சிந்தினார். அத்தனை பேரும் அவர் மேசையில் பழம் கொண்டுவந்து வைத்தார்கள். இதுவும் பரீட்சையாக இருக்குமோ என்று பயந்து லென்ஸ் அத்தனையையும் தின்றார். வயிறு கெட்டுப்போய்ப் பத்துத் தடவை கழிவறைக்கு ஓடினார். பிரிவுக்காரர்களின் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அன்று சாயங்காலம் மகள் எதிரில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு மனைவி கதவோரம் நின்றாள்.

"அப்பா, கெமிஸ்ட்ரி எனக்கு வரலைப்பா. பெயிலாயிட்டேன். மூணு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். எனக்கு மரவேலைதான் பிடிச்சிருக்கு. நாற்காலி, மேசையெல்லாம் செய்யிற படிப்பு இருக்கு. அதுல சேரட்டுமா?"

தன் மகள் தடயவியலில் பெரிய ஆளாக வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார் லென்ஸ். தலைக்குள் ரத்தம் ஏறியது. மேசையைக் குத்தக் கை எழுந்தது. அந்தரத்திலேயே நின்றது.

அடேயப்பா! வீடு வரைக்கும் வந்துவிட்டார்களா! கண்ணில் தண்ணீர் நிற்கிறது, உதடு நடுங்குகிறது, என்ன நடிப்பு!

மண்ணு, கசப்பு, வாடை. "உட்காரும்மா," என்றார். "மரவேலைல உனக்கு என்ன பிடிச்சிருக்கு, சொல்லு."

அவள் சொன்னாள். ஒரு மணி நேரம் சொன்னாள். எந்த மரம் வளையும், எது வெடிக்கும், இரண்டு துண்டை ஆணியே இல்லாமல் எப்படி இணைப்பது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மகள் இவ்வளவு பேசுவாள் என்பதே லென்ஸுக்கு அன்றுதான் தெரியும். பரீட்சையை மறந்து நடுநடுவே கேள்விகூடக் கேட்டார்.

"சேர்ந்துக்கம்மா," என்றார் கடைசியில்.

அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "முதல்ல உங்களுக்குத்தான்பா ஒரு நாற்காலி செஞ்சு தருவேன்." சட்டைத் தோள் நனைந்தது. நடிப்பில் இவ்வளவு தண்ணீர் வருமா என்று ஒரு விநாடி அவருக்குச் சந்தேகம் வந்தது.

மகள் உள்ளே போனதும் மனைவியிடம் கிசுகிசுத்தார். "ஏம்மா, வெல்வெட் மாதிரிக் குரல்ல யாராவது உனக்குப் போன் பண்ணாங்களா?"

"எனக்கு எதுக்கு ஒருத்தன் வெல்வெட் குரல்ல போன் பண்ணணும்? இத்தனை வருஷம் கழிச்சு என்மேல சந்தேகமா?"

"நீ சொல்றது எனக்குப் புரியுது. உன் உணர்வை நான் மதிக்கிறேன்."

"ஐயோ, கத்தவாவது செய்ங்களேன்! எனக்குப் பயமா இருக்கு," என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் ஒருத்தர் உள்ளே வந்து மேசையைத் தட்டினார். "மருந்துக்கடைப் பூட்டை உடைச்ச கேஸ். ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்கோம். பூட்டுல இருக்கிறது அவன் ரேகையா இல்லையா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அறிக்கை வேணும்!"

மற்ற நாளாக இருந்தால் லென்ஸ் அவரைத் தொப்பியோடு வெளியே தள்ளியிருப்பார். இன்றோ, "உங்க அவசரம் எனக்குப் புரியுது. நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன்" என்றார். இன்ஸ்பெக்டர் தட்டிய மேசையையே தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் லென்ஸுக்கு உறைத்தது. ரேகையை ஒருத்தர் மட்டும் பார்த்து அறிக்கை தரமுடியாது. தகுதியுள்ள இன்னொருத்தர், முதல் ஆள் என்ன சொன்னார் என்று தெரியாமல், தனியாகப் பார்க்கவேண்டும். அந்தத் தகுதி உள்ளவர்கள் அத்தனை பேரையும், பவுடர் உள்பட, அவரே பெரிய மனசோடு வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம். லென்ஸ் தன் பங்கை முடித்துவிட்டார். பூட்டில் இருந்தது அந்த ஆளுடைய ரேகை இல்லை. ஆனால் இரண்டாவது கண் பார்க்காமல் அது வெறும் பேச்சுதான். பாவம், எவனோ ஒருத்தன் செய்யாத குற்றத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். காலியான பிரிவில் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து லென்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் போச்சு. நாற்காலியும் போச்சு, மானமும் போச்சு. பவுடரைக் கூப்பிடலாம்தான். கல்யாண வீட்டிலிருந்தா? பரீட்சை வாரத்தின் கடைசி நாளில் போய் அந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்ளவேண்டுமா?

கதவு திறந்தது. பாதி பின்னின தலையும் காயாத நகச்சாயமுமாகப் பவுடர் வந்து நின்றாள். பின்னாலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு போட்டோகிராபர்.

"ஸ்டோர்கீப்பர் போன் பண்ணார் சார். நீங்க தனியா கிடந்து அல்லாடுறீங்களாமே? ஒரு மணி நேரத்துல நான் ஓடிடணும். எங்க அந்தப் பூட்டு? நீங்க என்ன முடிவு எடுத்தீங்கன்னு சொல்லிடாதீங்க."

லென்ஸ் எழுந்து பூட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

பவுடர் நகம் படாமல் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தாள். போட்டோகிராபர் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். "இவன் இல்ல சார்," என்றாள் கடைசியில். அறிக்கை போனது. உள்ளே இருந்தவன் வெளியே வந்தான்.

"நன்றிம்மா. உண்மையாவே எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"சரி சார்," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு ஓடினாள்.

சாயங்காலம் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "மூணு பேரும் மாற்றல் வேணாம்னு சொல்லிட்டாங்க. கல்யாண வீட்டுலேருந்து ஒரு பொண்ணு எழுந்து வருதுன்னா, இனிமே நான் என்ன பார்க்கணும்? இந்தாங்க, நிரந்தர ஆணை."

லென்ஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "எல்லாம் அந்தப் பயிற்சியாளர் போட்ட பிச்சை சார்."

இயக்குநருக்கு ஏனோ புரையேறியது.

வெளியே நடையில் தரக்கட்டுப்பாட்டு மேடம் எதிர்ப்பட்டார். லென்ஸ் வழிமறித்தார்.

"மேடம், வாரம் முடிஞ்சு போச்சு. இப்பவாவது சொல்லிடுங்க. யாரு டம்மி? பவுடரா? போட்டோகிராபரா? அந்த இன்ஸ்பெக்டரா?" குரல் இறங்கியது. "எம் பொண்ணா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"அவங்க எல்லாரும் அசல் சார், உங்க பொண்ணும்தான்; ஒருத்தர்கூட அடையாள அட்டையைக் கேக்காம பாடம் எடுக்க விட்டு, சாட்சிப்பொருள் அறை வரைக்கும் நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்களே, அவர்தான் டம்மி, என் தங்கச்சி வீட்டுக்காரர், வாட்டர் ஃபில்டர் விக்கிறார்."